சந்தை நாட்களில் மட்டும் வந்த அம்மா

பேயைப் பார்த்தவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆளுக்கொரு புளியமரமும் ஆளுக்கொரு வெள்ளைப் புடவையும் வைத்திருப்பீர்கள். நான் பேயைப் பார்த்ததில்லை. ஆனால் பத்து வயதில் ஒரு பேயை ஐந்து சந்தை நாள் வேவு பார்த்துப் பிடித்திருக்கிறேன். பிடித்த பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஓசூரில் மகன் வீட்டு மாடியில் உட்கார்ந்து கம்பெனி பஸ்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஓசூர் நம் பக்கம் இருக்குமா, மைசூர் பக்கம் போய்விடுமா என்று பெரியவர்கள் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. குந்தாரப்பள்ளிச் சந்தையிலிருந்து மாட்டு வண்டியில் ஒன்றரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். கேழ்வரகுக் கொல்லையும் நாலு புளியமரமும் இரண்டு ஜோடி மாடும் எங்களுக்கு இருந்தன. அந்த ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் போய்விட்டாள். தம்பிக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை ஒரு முறத்தில் சாம்பலைச் சலித்துப் பரப்பி, கூடையால் மூடி வைத்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் செத்துத் தாய்வீட்டோடு வந்துவிட்டவள். அம்மா போன பிறகு வீடு அவள் கைக்கு வந்தது. காலையில் கூடையை எடுத்தபோது சாம்பலில் மூன்று கோடுகள் இருந்தன. கோழிக்கால் போலிருந்தது. அம்மா பறவையாகப் போய்விட்டாள் என்று அத்தை சொன்னாள். எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் கோழிகள் இருந்தன. கூடையிலும் ஓர் ஓரம் பிய்ந்திருந்தது.

எதையும் உடனே நம்பாத புத்தி எனக்கு அன்றைக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

வைகாசியில் அப்பாவுக்கு மறுபடி கல்யாணம் செய்துவைத்தார்கள், சின்னம்மா வந்தாள். சானமாவுக் காட்டோரத்து ஊர்ப் பெண், பத்தொன்பது வயது. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள். தமிழில் ஒரு வார்த்தையைத் தேடி எடுத்து அடுத்த வார்த்தையை வைப்பதற்குள் கேட்டவர்கள் போய்விடுவார்கள். அதனால் அதிகம் பேசமாட்டாள். யானை கரும்புக்குள் இறங்கினால் தகரம் தட்டி விரட்டுகிற ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, இருட்டுக்கோ பாம்புக்கோ பயப்படமாட்டாள். அத்தைக்கு அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது. பயப்படாத பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்பாள்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பெரிதாகக் காரணம் ஒன்றும் இல்லை. அம்மா நின்ற இடத்தில் நின்று சோறு வடித்தாள், அவ்வளவுதான். தம்பி இரண்டே வாரத்தில் அவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவனையும் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

எங்கள் வீட்டில் பின்கட்டை ஒட்டி ஓர் இருட்டு அறை. கேழ்வரகுக் குதிர்கள் இரண்டு, விதைப்பயறு மூட்டைகள், இவற்றுக்குப் பின்னால் அம்மாவின் டிரங்குப் பெட்டி. பச்சை வர்ணம், மூடியில் இரண்டு மயில்கள். அம்மாவின் புடவைகளையும் சீப்பையும் கண்ணாடி வளையல்களையும் அதற்குள் வைத்து அத்தை பூட்டியிருந்தாள். சாவி அவள் இடுப்பில். கூரையில் இருந்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியாக மத்தியான வெயில் ஒரு கம்பு போல அந்த அறைக்குள் இறங்கும்.

ஆவணியில், களையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, முதல் அறிகுறி வந்தது. கொல்லையிலிருந்து திரும்பிய அத்தை விதைப்பயறு எடுக்க அந்த அறைக்குள் போனவள் அப்படியே வெளியே வந்தாள். அறை முழுக்க மருக்கொழுந்து வாசனை. அம்மா தலையில் எப்போதும் மருக்கொழுந்து இருக்கும். வீட்டிலோ அவள் செத்த பிறகு யாரும் அதை வைத்துக்கொண்டதில்லை. நானும் போய் முகர்ந்து பார்த்தேன். வாசனை நிஜம்தான்.

அடுத்த வாரம் பெட்டி மூடியின் இடுக்கில் புடவைத் தலைப்பு ஒரு விரல் அளவுக்கு வெளியே தெரிந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. அதற்கடுத்த வாரம் தம்பி, அம்மா ரூமில் யாரோ பேசுகிறார்கள் என்று சொன்னான். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த அறை மாடத்தில் ஓர் அகல் எரிந்து கருகிக் கிடந்தது. யாரும் ஏற்றவில்லை என்றார்கள்.

அத்தை முடிவு கட்டிவிட்டாள். அம்மா பறவையாகப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள், புதிதாக வந்தவள் மேல் கோபமாக இருக்கிறாள். இப்படி முடிவு கட்டிய பிறகு சின்னம்மா செய்ததெல்லாம் அறிகுறி ஆயிற்று. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பினாள். வீட்டு நினைப்பில் இருக்கும் எந்தப் பெண்ணும் இப்படித்தான் இருப்பாள் என்பது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் உடம்பில் அம்மா ஏறிவிட்டாள் என்றார்கள்.

நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது.

எனக்கு வேறு சந்தேகம். அம்மாவின் சாமான்களை எடுத்துக்கொள்ள இவள்தான் கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறாள் என்று நினைத்தேன். இன்னொரு பக்கம், ஒருவேளை அம்மாதான் வருகிறாளோ என்ற ஆசையும் இருந்தது. இரண்டில் எது என்று பார்த்துவிட வேண்டும். அடுப்புக்கரியால் மாட்டுக் கொட்டகைச் சுவரில் நாட்களைக் குறித்தேன். செவ்வாய்க்கிழமை அகலைத் தவிர மற்ற மூன்றும் குந்தாரப்பள்ளி சந்தை நாள். சந்தை நாளென்றால் அப்பா விடியும்போதே வண்டி கட்டிப் போய்விடுவார், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அத்தை கொல்லையில் இருப்பாள். வீட்டில் சின்னம்மாவும் தூங்குகிற தம்பியும்தான். வாத்தியாரும் சந்தைக்குப் போய்விடுவதால் எங்களுக்கு அன்று அரைநாள் பள்ளிக்கூடம். ஆனால் நான் நேரே வீட்டுக்கு வராமல் விளையாடிவிட்டு வருவது வழக்கம். ஆக, சந்தை நாளில் சின்னம்மாவைப் பார்க்க ஆளில்லை. கணக்கு சரியாக இருந்தது.

நான்காவது சந்தை நாள் காலையில், பள்ளிக்குப் போகுமுன், அறை வாசற்படிக்கு உள்பக்கம் கேழ்வரகு மாவை மெல்லிசாகத் தூவினேன். சாம்பல் முறத்திலிருந்து கற்றுக்கொண்டதுதான். மத்தியானம் ஓடிவந்து பார்த்தபோது அந்த இடம் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. சின்னம்மா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மாவு எப்படி அங்கே வந்தது என்றுகூடக் கேட்கவில்லை. தப்புச் செய்தவள்தான் தடயத்தை அழிப்பாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அத்தையிடம் சொல்லவில்லை. முழுதாகப் பிடித்த பிறகு சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

பிடிபடாத ஒன்று அன்றைக்கே நடந்தது. கோபத்தில் ஏரிக்கரைப் பக்கம் போனேன். கரைக்கு அப்பால் எங்கள் புளியமரத்தடியில் வண்டி அவிழ்த்துவிட்டிருந்தது. எங்கள் மாடுகள் இரண்டும் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அப்பாவைக் காணோம். சாயங்காலம் வரை மறைந்திருந்து பார்க்கத் தைரியமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். விளக்கு வைத்த பிறகு அப்பா வண்டியோடு வந்தார், அப்போதுதான் சந்தையிலிருந்து வருகிறவர் போல. அத்தை சந்தைக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டாள். அவரும் ஏதோ சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பொய் சொல்வார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தை கிளம்பியதும் இருட்டு அறைக்குள் போய்ப் பெரிய குதிருக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டேன். பழைய கேழ்வரகின் தூசி மூக்கில் ஏறியது. கண்ணாடி ஓட்டு வெயில் மூட்டைமேல் விழுந்து, நகர்ந்து, தரைக்கு வந்தது. சின்னம்மா அடுப்படியில் அம்மி அரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பின்கதவு கிரீச்சிட்டது. அம்மிச் சத்தம் நின்றது.

உள்ளே வந்தவர் அப்பா.

அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த இன்னொரு சாவியால் பெட்டியைத் திறந்தார். மடியிலிருந்து மருக்கொழுந்துக் கட்டு ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். அம்மாவின் அரக்குப் புடவையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அப்புறம், சந்தையிலிருந்து வந்த மனுஷன் பெண்டாட்டியிடம் பேசுவது போலவே பேச ஆரம்பித்தார்.

“செவலப் பசு கன்னு போட்டுட்டுது. கெடாரிதான். சின்னவன் நல்லா பேசறான், உன்னத்தான் மறந்துட்டான் போல.” புடவைத் தலைப்பை நீவினார். “பெரியவ மறக்கல. உன்ன மாதிரியே மொறச்சிப் பாக்கறா. அவகிட்ட என்னா பேசறதுன்னே எனக்குத் தெரியல, புள்ள.”

பிறகு புடவையில் முகத்தை வைத்துக்கொண்டார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவர் கண்ணில் தண்ணீர் வரவில்லை என்று அத்தை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போகிற வரைக்கும் நான் மூச்சுவிடப் பயந்து இருந்தேன். பின்கதவு மூடிய பிறகு அம்மிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அத்தை ஒரு சேதி சொன்னாள். ஓசூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரி மகாளய அமாவாசைக்கு வருகிறார். சின்னம்மாவை உட்காரவைத்து, சாட்டையால் அடித்துக் கேட்டு, உச்சி மயிரை முடிச்சுப் போட்டு அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்துவிடுவார். அதற்கும் அடங்காவிட்டால் அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அமாவாசைக்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளும் எனக்கு உண்மை தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சும்மா இருந்ததாகப் பின்னாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவள் போகட்டும் என்றுதான் சும்மா இருந்தேன். நடுவில் இன்னொரு சந்தை நாளும் வந்து போனது. நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பழகினேன், அவள் போன பிறகு அவன் அழாமல் இருக்க வேண்டுமே என்று.

அமாவாசையன்று காலையில் வாசலில் கோலம் போட்டு, நடுவில் சின்னம்மாவை உட்காரவைத்தார்கள். தலைக்குக் குளிப்பாட்டிக் கூந்தலை விரித்துவிட்டிருந்தார்கள். ஊர்ச் சனம் சுற்றி நின்றது. பூசாரி நல்ல உயரம், நெற்றி முழுக்கக் குங்குமம், கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. வேப்பிலைக் கொத்தால் அவள் தோளில் அடித்து, “யாரு நீனு? ஹேளு,” என்று கேட்டார். யார் நீ, சொல்லு என்கிறார். அவள் சொல்லவில்லை. மறுபடி அடித்தார். மறுபடி கேட்டார். சாட்டையைத் தரையில் ஒருமுறை சொடுக்கினார். தம்பி வீறிட்டான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தேன். அவர் தூணை விடவில்லை.

முதல் சாட்டையடி அவள் முதுகில் விழுந்தது. உடம்பு ஒருமுறை முன்னால் போய்த் திரும்பியது. அவள் அழவில்லை. பூசாரி உச்சி மயிரைப் பிடித்து முறுக்கிக்கொண்டு கத்தியை வாங்கக் கை நீட்டினார். அப்போது அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. பஸ் வருமா வராதா என்று பார்ப்பதுபோல் சும்மா பார்த்தாள்.

“அது அம்மா இல்ல,” என்றேன். “பொட்டியத் தொறக்கறது எங்கப்பா.”

அத்தை என் வாயிலேயே அடித்தாள். என்ன உளறுகிறாய் என்று மறுபடி கையை ஓங்கினாள். சின்னம்மா பூசாரியின் பிடியில் இருந்தபடியே தட்டுத்தடுமாறிப் பேசினாள்.

“கொழந்தய அடிக்காதீங்க, அண்ணி. நான்தான் தொறந்தேன்.”

பூசாரிக்குத் திருப்தி. பேய் ஒப்புக்கொண்டுவிட்டது என்று கூட்டத்துக்குச் சொன்னார். கத்தி அவர் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அப்பா தூணை விட்டார். கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து பூசாரியின் கையைப் பிடித்தார். மற்றொரு கையால் அரைஞாண் கயிற்றிலிருந்த சாவியை அறுத்துத் தரையில் போட்டார்.

“அவள விடுங்க. நான்தான் போறன் அந்த ரூமுக்கு. அவமேல ஒண்ணும் இல்ல.”

“என்னாத்துக்குத் தம்பி?” என்றாள் அத்தை. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

அத்தனை சனத்துக்கு நடுவில் அப்பாவின் முகம் கோணிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். சமாளித்துக்கொண்டு அவர், பெட்டியைத் திறந்தது நான், விளக்கு மட்டும் நான் ஏற்றவில்லை என்றார். உண்மையை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

“வெளக்கு நான் வெச்சேன்,” என்றாள் சின்னம்மா. “அக்காவுக்கு.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆகி நாலு மாதத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அப்படியானால் ஆவி புருஷன்மேல்தான் ஏறியிருக்கிறது, அவரை உட்காரவையுங்கள் என்று பூசாரி சொல்லிப் பார்த்தார். அவருக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டார்கள். அத்தை அதற்குப் பிறகு ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டானே என்பது அவள் வருத்தம். ஆனால் சின்னம்மாவின் முதுகுக்கு விளக்கெண்ணெய் தடவியதும் அத்தைதான். தடவும்போது ஏதோ திட்டிக்கொண்டே தடவினாள். யாரைத் திட்டினாள் என்று தெரியாது.

அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்கள் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். பிறகு ஒரு சந்தை நாள் காலையில், வண்டியில் ஏறிக்கொள், போகலாம் என்றார். வழி நெடுக மாடுகளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். திரும்பி வரும்போது, அம்மாவுக்கு மாட்டு வண்டியில் போனால் தலைசுற்றும், உனக்குச் சுற்றுகிறதா என்று கேட்டார். அம்மாவைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

இதெல்லாம் முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, முதல் பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்தேன். சின்னம்மாவின் தமிழ் அதற்குள் எங்களுடையதைவிடச் சரளமாகிவிட்டது. ஒரு மத்தியானம், எனக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். அப்பா அந்த அறைக்கு வருவது உனக்கு முதலிலிருந்தே தெரியுமா? தெரியும் என்றாள். மாவில் அவர் காலடி இருந்தது, அதனால்தான் பெருக்கினேன் என்றாள். நான் குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்த நாள்? அதுவும் தெரியும்.

அப்படியென்றால் பத்து நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

“அடி வாங்கறப்பவாவது சொல்லியிருக்கலாமே, சின்னம்மா.”

அவள் கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். “சொன்னா அவரு அழுவறத நிறுத்திடுவாரு. உங்கம்மாவுக்காக அழாத மனுசன், நாளைக்கி நான் போனா அழுவாரா?”

அப்பா அவளுக்கு முன்னால் போய்விட்டார். சின்னம்மா போனது அதற்குப் பதினாலு வருஷம் கழித்து. தம்பியும் நானும்தான் இருந்தோம். அழுகையை நிறுத்தச் சொல்லி யார் யாரோ வந்து என் தோளைத் தொட்டார்கள். நான் நிறுத்தவில்லை.